நின்று நின்று நடப்பவர்கள்

(ஏரலில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆடி அமாவாசையன்று இவ்வூர்ச் சேர்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தைக் கவனித்திருப்பீர்கள். சிலர் சிறிது தூரம் நடப்பார்கள். கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சில நிமிஷங்களில் மறுபடியும் நடப்பார்கள். கேட்டால், "வயதாகிவிட்டது, வாதம்" என்பார்கள். நடக்கும்போது கடுத்து, நின்றதும் தணிகின்ற வலியை வாதமென்று தள்ளிவிடலாகாது. காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் கொழுப்புப் படிந்து குறுகியிருக்கக்கூடும்.

வாய்க்கால் தூர்ந்தால் கடைமடை வயலின் கதி என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சும்மா கிடக்கும் நிலத்திற்குக் கசிவு நீரே போதும். நடவு தொடங்கினால்தான் பற்றாக்குறை தெரியும். உழைக்கும் தசையின் நிலையும் அதுவே. பீடி, சிகரெட், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகியவையே இவ்வாய்க்காலைத் தூர்ப்பவை. பீடியை விடாமல் வேறு சிகிச்சையால் முழுப்பயன் கிட்டாது. பக்கத்து ஆத்தூர் வெற்றிலை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது, நமக்குப் பெருமைதான். அதனுடன் புகையிலையைச் சேர்த்து மெல்வதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டால் நோய் புலப்படும். கணுக்காலின் அளவு கையின் அளவில் பத்தில் ஒன்பது பங்கோ அதற்குக் குறைவோ இருந்தால் தமனி நோய் உண்டென்று கொள்ளலாம்.

வலிக்கிறதென்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவதே பெருந்தவறு. மருத்துவர் இருதயத்தையும் பாதங்களையும் சோதித்து அனுமதித்தபின், நடையே மருந்தாகும். வலி தோன்றி ஓரளவு மிகும்வரை நடக்க வேண்டும். பின்பு நின்றோ உட்கார்ந்தோ வலி முற்றும் தணியவிட்டு, மீண்டும் நடக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து முதலில் அரைமணி நேரம். பிறகு சிறிது சிறிதாக 50 நிமிஷம் வரை. வாரத்தில் மூன்று நாளேனும், 12 வாரங்கள் விடாமல் செய்தால் வலியின்றி நடக்கும் தூரம் கூடும். அடைப்பு இதனால் கரைந்துவிடுவதில்லை. கிடைக்கும் இரத்தத்தைக் கொண்டு கூடுதலாக உழைக்கத் தசை பழகிக்கொள்கிறது. பயிற்சியை நிறுத்தினால் பயனும் தேயும். மருத்துவர் தந்த மாத்திரைகளையும் நிறுத்தலாகாது.

படுத்திருக்கையிலும் பாதம் வலித்தாலோ, புண் ஆறாவிட்டாலோ, விரல் கறுத்தாலோ, நடைப்பயிற்சியில் காலங்கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கால் திடீரென வெளுத்துக் குளிர்ந்து வலித்தால் அந்த நாழிகையே கிளம்ப வேண்டும். தாமதித்தவர்கள் காலை இழந்திருக்கிறார்கள். நீரிழிவுக்காரர்களுக்கு உணர்ச்சி குன்றி வலியே தெரியாமலும் போகலாம். ஆகையால் அவர்கள் நாள்தோறும் பாதத்தைப் பார்க்க வேண்டும். வரப்பிலும் வெறுங்காலுடன் நடக்கலாகாது.

இனி, பஞ்சாயத்தாரிடம் ஒரு விண்ணப்பம். மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை காணும் திட்டத்தை 2023 நவம்பரில் நமது அரசு தொடங்கியது. நான் சொல்லும் நோயாளிக்கு எட்டு கிலோமீட்டர் வேண்டாம். இடையிடையே உட்கார இடம் வேண்டும். தலைச்சுமைக்காரர் இளைப்பாற நம் முன்னோர் வழிநெடுகச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். அதுபோல, மேடுபள்ளமில்லாத ஒரு பாதையும், ஓரத்தில் சில கல் இருக்கைகளும், ஒரு விளக்கும் போதும். அவற்றை எங்கே போடுவதென்று வரைபடத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். கால்கடுப்புள்ள ஒருவரை உடனழைத்து நடந்து செல்லுங்கள். அவர் நிற்கும் இடங்களிலெல்லாம் சுண்ணாம்பால் குறியிட்டு வாருங்கள்.