வீட்டில் பற்பசை தயாரிக்கும் முறை



வயலுக்குப் புறப்படும் அவசரத்தில் சாம்பலையோ செங்கல் தூளையோ எடுத்துப் பல் துலக்குவோர் இன்றும் உள்ளனர். இவற்றிலுள்ள கரடுமுரடான துகள்கள் பல்லின் எனாமலைத் தேய்த்துவிடும். தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. ஆகவே, மென்மையான பற்பசையை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையைக் கூறுகிறேன்.

தேவையான பொருள்கள் (100 கிராம் பசைக்கு)

மருந்துத் தரமுள்ள கால்சியம் கார்பனேட் மென்தூள் 45 கிராம்
கிளிசரின் 25 கிராம்
கொதிக்கவைத்து ஆறிய நீர் 29 கிராம்
உணவுத் தரமுள்ள சி.எம்.சி. பசைத்தூள் 1 கிராம்
கிராம்புத் தைலம் 3 துளி

கால்சியம் கார்பனேட் என்றதும் வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பை எடுத்துவிடாதீர்கள். அது வாயைப் புண்ணாக்கும். கரும்பலகையில் எழுதும் சாக்கட்டியும் ஆகாது.

செய்முறை

பசைத்தூளை நேரே நீரில் கொட்டினால் கட்டிகட்டியாகிவிடும். எனவே முதலில் கிளிசரினில் அதைக் குழைத்து, பிறகு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவும். ஒரு மணி நேரம் ஊறினால் கூழ்போல் ஆகும். மெல்லிய துணியில் சலித்த தூளை இதில் தூவி, ஒரே சீராக மெதுவாகக் கிளறவும். வேகமாக அடித்தால் காற்றுக்குமிழி புகுந்து பசை பொதபொதவென்றாகும். கடைசியில் தைலம் சேர்த்து, மூடி, ஓர் இரவு வைக்கவும்.

பதம் பார்த்தல்

பட்டாணி அளவு பசையைக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் நீர் வளையம் படர்ந்தால் பசைத்தூள் போதவில்லை. அடுத்த முறை கால் கிராம் கூட்டவும். சீக்கிரம் காய்ந்து வெடித்தால் கிளிசரின் குறைவு. விரலிடையே நறநறத்தால் தூளை மறுபடியும் சலிக்க வேண்டும். நுரை வராதே என்று கவலைப்பட வேண்டாம்; பல்லைத் துப்புரவாக்குவது நுரையன்று.

இப்பசை காரத்தன்மை உடையது. ஊறுகாய்க்குச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட் புளிப்பில்தான் வேலை செய்யும், இதில் பயன்படாது. ஆகவே இரண்டு வாரத் தேவைக்கு மட்டும் செய்து, ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள். நாற்றமோ பூசணமோ கண்டால் எறிந்துவிடுங்கள்.

முக்கிய எச்சரிக்கை

இப்பசையில் ஃப்ளூரைடு இல்லை. சொத்தையைத் தடுப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஃப்ளூரைடு மாத்திரையைப் பொடித்துக் கலக்கவும் கூடாது. அளவு தவறினால் கேடு, கால்சியமும் அதைக் கட்டிப் பயனற்றதாக்கிவிடும். எனவே குழந்தைகளுக்குக் கடையில் கிடைக்கும் ஃப்ளூரைடு பசையையே, 3 வயதுவரை அரிசி மணியளவும், 6 வயதுவரை பட்டாணியளவும் கொடுங்கள். பெரியவர்களும் இரவில் அதனால் துலக்கி, வீட்டுப் பசையைக் காலையில் பயன்படுத்தலாம்.

புகையிலை எதையும் பசையில் சேர்க்காதீர்கள். புகையிலை கலந்த பல்பொடியும் பற்பசையும் 1992இல் தடை செய்யப்பட்டன. விற்பனைக்குத் தயாரிக்க விரும்பும் மகளிர் குழுவினர், 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டப்படி முதலில் உரிமம் பெறுதல் வேண்டும்.

அடுத்த வாரமே 100 கிராம் செய்து, பதம் பார்த்துப் பயனடையுங்கள்.