கொழும்பிற் பிறந்த கணினிமொழி
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பல்கலைக்கழக மாணவர் சிலர் கூடி நாங்கள் கற்றுவரும் கணினிமொழியொன்றைப் பற்றிப் பேச எண்ணுகின்றோம். அதன் பெயர் பலெரீனா. பெயரைக் கேட்டதும் மேனாட்டு நடனமங்கை நினைவுக்கு வருவாள். சொல்லின் பொருளும் அதுவே. ஆயினும் மொழி பிறந்த இடம் கொழும்பு. 2005 ஆம் ஆண்டிற் சஞ்சீவ வீரவரணவும் துணைவரும் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் கம்பனி இதனை ஆக்கி, 2017 இல் உலகுக்கு வெளியிட்டது. எக்ஸ்.எம்.எல். உருவாகியபோது அதன் தொழினுட்பப் பணிக்குத் தலைமைதாங்கிய ஜேம்ஸ் கிளார்க் என்பாரும் இதன் அமைப்பிற் பங்குகொண்டார். முதற் பதிப்பு 2019 இல் வந்தது. 'சுவான் லேக்' என்னும் திருத்திய பதிப்பு 2022 இல் வந்தது. எவரும் விலையின்றிப் பெறலாம்.

எத்தனையோ மொழிகள் இருக்க இன்னொன்று எதற்கு? ஓர் உதாரணஞ் சொல்லுகின்றோம். ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து கைத்தொலைபேசி மூலம் புகையிரத ஆசனம் பதிவுசெய்கின்றார். ஆசனக் கணக்கு ஒரு கணினியில். அவருடைய பணம் வங்கியின் கணினியில். குறுஞ்செய்தி அனுப்புவது மூன்றாவது கணினி. இவை முகிலில் இருப்பன என்பர். முகில் என்றால் வானத்து முகிலன்று. தூரத்துக் கட்டடங்களில் வைத்து வாடகைக்கு விடப்படும் கணினிகளே. இம்மூன்றையும் பேசவைப்பதே இக்காலத்துச் செய்நிரலாளரின் பெரும்பாடு.

வங்கியிடம் பணங் கேட்டோம், விடை வரவில்லை. பணம் எடுக்கப்பட்டதா, இல்லையா? கேள்வியே போய்ச் சேராதிருக்கலாம். அன்றி, வங்கி பணத்தை எடுத்தபின் விடை வழியிலே தொலைந்திருக்கலாம். கேட்டவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மறுபடி கேட்டால் ஏழைப் பிரயாணியிடம் இருமுறை பணம் பறிபோகக்கூடும். ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தனி இலக்கம் இடவேண்டும். அதே இலக்கம் மீண்டும் வந்தால் வங்கி இரண்டாந்தரம் எடாது.

பைதன் முதலிய மொழிகளில் இவ்வகைத் தவறு நேருமென்பதை எழுதுபவனே நினைவில் வைத்திருக்கவேண்டும்; மொழி வற்புறுத்தாது. பலெரீனாவோ விடாது. தன் கணினிக்குள்ளே ஒரு வேலையை அழைப்பதற்குப் புள்ளி. வெளியே இன்னொரு கணினியை அழைப்பதற்கு அம்புக்குறி. பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே கம்பியைக் கடக்கின்றோம் என்பது தெரியும். வரும் பெறுபேறு 'விடை அல்லது தவறு' என்றே எழுதப்படும். தவறு வந்தால் என்ன செய்வதென்று சொல்லாது விட்டால் தொகுப்பி அந்த நிரலை ஏற்காது. மேலே இருப்பவரிடம் ஒப்படைக்க விரும்பினால் 'செக்' என்னும் ஒரு சொல் போதும். ஆனால் அந்தத் தனி இலக்கத்தை மொழி இட்டுத் தராது. அது எழுதுபவன் பொறுப்பு. இதையும் சொல்லியாகவேண்டும், ஏனெனிற் புது மொழியைப் புகழ்வோர் இதனை மறைப்பதுண்டு.

இன்னொன்று எங்களுக்கு மிகப் பிடித்தது. எழுதிய நிரலை அப்படியே படமாகவும் காணலாம்: ஒவ்வொரு கணினிக்கும் நெடுங்கோடு, இடையிலே அம்புகள். படத்தைத் திருத்தினால் எழுத்துந் திருந்தும். கணினி படியாத ஒருவருக்கும் அதைக் காட்டி விளக்கலாம்.

"இதைப் படித்தால் உத்தியோகம் கிடைக்குமா?" என்று பெரியோர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஜாவா, பைதன் அறிந்தோரைத் தேடும் விளம்பரங்களே மிகுதி. இதனைக் கேட்பவை சில. வீட்டு நிலைமையால் விரைந்து சம்பாதிக்கவேண்டியவர் முதலில் ஜாவாவைப் படிக்கட்டும். பலெரீனாவும் ஜாவாவின் இயந்திரத்தின்மேலேயே ஓடுவதால் அந்தப் படிப்பு வீண்போகாது. ஆயினும் அயல்நாட்டார் ஆக்கிய கருவிகளைக் கையாளவே பழகிய நாங்கள், இந்தத் தீவிலே ஒரு மொழியின் இலக்கணமே வகுக்கப்பட்டதைக் கண்டபோது கருவி செய்வதும் எட்டாத வேலையன்று என்று முதன்முறையாக எண்ணினோம். அவ்வெண்ணத்துக்குச் சம்பளம் இல்லைத்தான்.

நாங்கள் ஆங்கில விளக்கங்களைப் படித்துத் தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மாறிகளுக்குத் தமிழெழுத்திற் பெயரிடவும் இம்மொழி இடந்தருகின்றது. 'ஆசனம்' என்றும் 'கட்டணம்' என்றும் எழுதிப் பார்த்தோம், ஓடியது. அடுத்ததாகச் சங்க நூல்நிலையத்து இரவற் புத்தகக் கணக்கை இதில் எழுத எண்ணியுள்ளோம். விருப்பமுள்ள தம்பி தங்கையர் கூட்டம் முடிந்ததும் பெயர் தரலாம்.