இடிபாடும் வண்டியும்

பழைய வீட்டைப் பழுதுபார்க்க முற்படுவோர், புதிதாக வாங்க வேண்டிய சிமெண்டுக்கும் மணலுக்கும் முன்கூட்டியே கணக்கெழுதி வைக்கின்றனர். இடித்துத் தள்ளவிருக்கும் சுவருக்குக் கணக்கெழுதுவோர் மிகச் சிலரே. சுவர் விழுந்த பின்னர், வாயிலை அடைத்துக் கிடக்கும் குவியலைக் கண்டு திகைத்து, அகப்பட்ட வண்டியைக் கேட்ட கூலிக்கு அமர்த்துவதே பெரும்பாலும் நிகழ்கின்றது. கொச்சியில், அதிலும் மட்டாஞ்சேரி போன்ற நெருங்கிய பகுதியில், இந்தத் திகைப்பின் விலையை வீட்டுக்காரர் மட்டுமன்றி அண்டை வீட்டாரும் கொடுக்க நேரிடுகின்றது.

மேல்நாடுகளில் இதற்கென இரும்புப் பெட்டிகளை வாடகைக்குத் தருகின்றனர். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் என்பவர், 1930-களில், பெட்டியை லாரியே தூக்கிக் கவிழ்க்கும் பொறியமைப்பை உருவாக்கினார். பெட்டிக்கும் அவர் பெயரையொட்டியே பெயர் அமைந்தது. 10, 20, 30, 40 கன கெஜம் என அப்பெட்டிகள் பல அளவின. ஒரு கன கெஜம் 27 கன அடியாகும். மட்டாஞ்சேரியின் சந்துகளில் அத்தகைய பெட்டியை இறக்கி வைக்க இடமேது? இங்கே அதன் பணியைச் சரக்கு வண்டியே செய்தாக வேண்டும். எனினும் பெட்டிக்குரிய கணக்கு வண்டிக்கும் பொருந்துவதே.

ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். நீளம் 20 அடி, உயரம் 10 அடி, கனம் ஒன்றரை அடி. வெட்டுக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பியது. மூன்றையும் பெருக்கினால் 300 கன அடி வரும். ஆனால் நிற்கும் சுவர் வேறு, விழுந்த சுவர் வேறு. கற்கள் தாறுமாறாகக் கிடப்பதால் இடையிடையே வெற்றிடம் உண்டாகி, குவியல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகும். ஆகவே அப்புறப்படுத்த வேண்டியது சுமார் 450 கன அடி. தமிழ்நாட்டுக் கொத்தனார் வழக்கில் சொன்னால் நாலரை யூனிட். சுவரை அளந்து வண்டி பேசுவோர் முதலில் தவறுவது இவ்விடத்திலேதான்.

இரண்டாவது தவறு இதனினும் பெரிது. கொள்ளளவை மட்டும் பார்த்து, பாரத்தை மறந்துவிடுகின்றனர். அந்தச் சுவரின் எடை ஏறத்தாழ 17 டன். சந்துக்குள் நுழையக்கூடிய நாற்சக்கரச் சிறு சரக்கு வண்டியின் தட்டு 30 கன அடி கொள்ளும். ஆகவே 15 நடை போதும் என்று தோன்றும். ஆனால் அவ்வண்டி சுமக்கத்தக்க பாரம் முக்கால் டன் அளவே. 20 கன அடி ஏற்றியதும் அவ்வரம்பு எட்டிவிடும். எனவே 23 நடை வேண்டும். விளிம்புவரை நிரப்பும்படி வண்டிக்காரரை வற்புறுத்துவது, அவருடைய அச்சையும் பிரேக்கையும், வழியில் நடப்போர் உயிரையும் பணயம் வைப்பதாகும். அமெரிக்காவிலும் செங்கல், கான்கிரீட்டு போன்ற கனத்த பொருள்களுக்குச் சிறிய பெட்டியையே தருவது வழக்கம். பெரிய பெட்டி நிறைந்துவிட்டால் லாரியால் அதைத் தூக்க இயலாது.

அதே குவியலை, 100 கன அடி கொண்டு, நான்கு டன் சுமக்கும் டிப்பர் ஐந்து நடையில் முடித்துவிடும். ஆனால் டிப்பருக்கு ஏழடி அகலமாவது வேண்டும். திரும்புமிடத்தில் அதுவும் போதாது. பஜார் சாலையில் பகற்பொழுதில் சரக்கேற்றும் லாரிகளுக்கிடையே அது நிற்கவும் இடம் கிட்டுவதரிது. ஆதலால் வண்டி பேசுமுன், கயிற்றைப் பிடித்துச் சந்தின் மிகக் குறுகிய இடத்தை அளந்துகொள்ளுதல் நன்று. தலைச்சுமையாகச் சந்து முனைக்குக் கொண்டுவரும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால், சில வேளைகளில் சிறு வண்டியின் 23 நடையே மலிவாக முடியும்.

ஓடும் மரமும் வேறு கணக்கின. மங்களூர் ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ அளவில் இருக்கும். ஆயிரம் ஓடு இரண்டரை டன். உடையாமல் இறக்கி அடுக்கினால் அவற்றுக்கு வாங்குவோர் உண்டு. பழைய தேக்குக் கதவுகளும் தூண்களும் யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் என்ன மதிப்புப் பெறுகின்றன என்பதை நாம் அறிவோம். இவற்றைக் கல்லோடும் காரையோடும் கலந்து வண்டியேற்றுவது, காசைக் கூலி கொடுத்துக் கொட்டுவதாகும். ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை மட்டும் உடைக்காமல், நனைத்து, தனியே கட்டி வைத்தல் வேண்டும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

வண்டி எங்கே போய்க் கொட்டுகிறது என்ற வினாவைப் பெரும்பாலோர் எழுப்புவதில்லை. குறைந்த கூலிக்கு வரும் வண்டி, இரவில் காயலோரத்திலோ சதுப்பிலோ கவிழ்த்துவிட்டுத் திரும்புவதும் உண்டு. கேரளத்தில் நெல்வயலையும் சதுப்பையும் காக்க 2008-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. கட்டட இடிபாடுகளுக்கென நடுவணரசு 2016-இல் விதிகளை வகுத்து, 2025-இல் புதிய விதிகளையும் அறிவித்தது. 2020 ஜனவரி 11, 12 நாள்களில், கொச்சியை அடுத்த மரடில், உச்ச நீதிமன்ற ஆணைப்படி நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. சுவர்கள் விழச் சில நொடிகளே பிடித்தன. ஏறத்தாழ 76,000 டன் என மதிப்பிடப்பட்ட இடிபாட்டில் கம்பியைப் பிரித்து, கான்கிரீட்டை நொறுக்கி அகற்றுவதோ நெடுநாள் வேலையாயிற்று. நம் சுவர் 17 டன்னே; ஆயினும் அதில் ஒரு பங்கு கல்வத்திக் கால்வாயிலோ தெருவோரச் சாக்கடையிலோ சரிந்தால், ஜூன் மழையில் தெருவுக்குள் நீர் ஏறப் போதும். கூலி பேசும்போதே கொட்டுமிடத்தையும் கேட்டுவிடுதல் வேண்டும்.

மழைக்கு முன்னரே இவ்வேலையை முடிப்பது நலம். வெட்டுக்கல் நீரை உறிஞ்சும். நனைந்த குவியலின் ஒவ்வொரு நடையும் கனக்கும். இயலாவிடின் தார்ப்பாயேனும் போர்த்துதல் வேண்டும்.

எல்லாவற்றையும் வெளியேற்றியே தீரவேண்டும் என்பதுமில்லை. வேலியேற்ற நீர் புகுவதால் மட்டாஞ்சேரியில் தரையை உயர்த்துவோர் பலர். 200 சதுர அடி அறையை ஓரடி உயர்த்தினால், நொறுக்கிய வெட்டுக்கல் 200 கன அடிக்குக் குறையாமல் அங்கேயே அடங்கிவிடும்; திமிசு போட்டு இறுக்கினால் இன்னும் கொஞ்சம் கொள்ளும். அப்பொழுது டிப்பருக்கு மூன்று நடைக்குள் வேலை முடியும்.