அழியாமல் மறைப்போம்

(பழந்தாள் காப்புப் பயிற்சியில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



1938-ஆம் ஆண்டு இந்தியெதிர்ப்புப் போர்க்காலத் துண்டறிக்கையொன்று என் கைக்கு வந்தது. பழுப்பேறிக் கறையான் அரித்த தாள். அதனை வருடிக் கணிப்பொறியில் ஏற்றிய இளைஞர் ஒருவர், கறைகளையெல்லாம் அழிப்பானால் துடைத்து வெண்டாளாக்கித் தந்தார். அவர்தம் உழைப்பை நான் பழியேன். ஆனால், கறைப்புள்ளிகளோடு மெய்யெழுத்துப் புள்ளிகளும் போயின! புள்ளி போனால் 'கல்' என்பது 'கல' ஆகுமன்றோ? போதாக்குறைக்குத் திருத்திய படத்தை முதற்படத்தின் மேலேயே பதிந்துவிட்டார். மீண்டும் வருடலாமென்று எடுத்தபோது தாள் பொடிந்து உதிர்ந்தது.

அழித்தல் வேறு, மறைத்தல் வேறு. போட்டோசாப்பின் மூன்றாம் பதிப்பிலேயே, 1994-இல், அடுக்குகளும் அவற்றுக்குரிய மறைதிரையும் வந்துவிட்டன. ('லேயர் மாசுக்கு' என்பதையே மறைதிரை என்கிறேன், இதனினும் நற்சொல் வாய்ப்பின் எழுதுங்கள்.) விலையின்றிக் கிடைக்கும் கிம்பிலும் அஃது உண்டு.

மறைதிரையிற் கறுப்புத் தீற்றினால் அடுக்கின் அவ்விடம் மறையும். வெள்ளை தீற்றினால் மீளும். சாம்பல் அரைகுறையாய்க் காட்டும். வழக்கமான அளவில் சுழியம் முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. ஆக 256 படிநிலைகள். அடுக்கிலுள்ள படமோ ஓர் அணுவும் குறையாது.

எனவே, முதற்படத்தை அடியில் அப்படியே வையுங்கள். அதன் படியொன்றை மேலடுக்காக்கி அதனை மட்டும் வெளுக்கச் செய்யுங்கள். அவ்வடுக்கிற்கு முழுக் கறுப்பு மறைதிரை இடுங்கள். இப்போது கண்ணுக்குத் தெரிவது பழைய தாளே. கறையுள்ள இடத்தில் மட்டும் வெள்ளை தீற்றுங்கள், கறை மறையும். மெய்ப்புள்ளியும் உடன் மறைந்ததா? 'எக்சு' விசையைத் தட்டிக் கறுப்புக்கு மாறி, அவ்விடத்தைத் தீற்றுங்கள். புள்ளி திரும்பி வரும்! எழுத்தின் ஓரங்களில் விளிம்பு மென்மையான துகிலிகை வேண்டும். இல்லையேல் ஒட்டுப்போட்ட துணிபோல் தோன்றும்.

தொடக்கத்தார் பெரிதும் தவறுவது ஓரிடத்தில்: மறைதிரையைத் தேர்ந்திராமல் படத்தின்மேலேயே தீற்றிவிடுவர். தீற்றுமுன் எது தேர்வாகியுள்ளது என்று பாருங்கள். மறைதிரையை அடுக்கோடு ஒன்றாக்கும் கட்டளையும் உண்டு. அதை இட்டுப் பதிந்துவிட்டால் மறைத்ததும் அழித்ததே. சேபெக்குப் படத்தில் அடுக்கே நில்லாது. ஆதலின் மென்பொருளின் சொந்தக் கோப்பு வடிவிலும் ஒருபடி வைத்தல் வேண்டும்.

அத்துண்டறிக்கையில் எஞ்சியது வெண்படம் ஒன்றே. அதன் மூன்றாம் வரியில் எங்கெங்குப் புள்ளியிருந்ததென இன்றும் உய்த்துணர்ந்தே படிக்கிறேன். விளக்கை அணையுங்கள்; திரையிற் காட்டுகிறேன்.