அலமாரி இனி உங்கள் பொறுப்பு

(பள்ளி நூலகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் புத்தகக் கடைக்காரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேருந்து நிலையத்துக்குப் பின்னால் 26 ஆண்டுகளாகப் புத்தகக் கடை நடத்துகிறேன். ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கடை வாடகையைக் கட்டியவை உங்கள் மாணவர்கள் வாங்கிய கைடுகளும் நோட்டுகளும்தான். அந்த வருமானத்தை நம்பித்தான் கதை, கவிதை, வரலாற்று நூல்களை அலமாரியில் அடுக்கி வைத்தேன். மின்னூல் வந்தபின் புத்தகத் தொழில் என்ன ஆயிற்று என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

மின்னூல் என்றதும் கைப்பேசியில் படிப்பதைத்தான் நினைக்கிறோம். ஆனால் பெரிய மாற்றம் அச்சகத்தில் நடந்தது. முன்பெல்லாம் ஒரு நூல் போட்டால் 1,000 பிரதியோ 1,200 பிரதியோ அடித்தாக வேண்டும். பிளேட் செலவு ஒன்றுதான் என்பதால் குறைவாக அடித்தால் விலை கட்டாது. விற்காத பிரதிகள் நூலக ஆணைக்குக் காத்துக்கொண்டு பதிப்பாளர் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடக்கும். இன்று நூல் ஒரு கணினிக் கோப்பு. அதிலிருந்தே மின்னூலும் வரும், 50 பிரதி மட்டும் கேட்டால் 50 பிரதியும் வரும்.

இதனால் நல்லது நடந்தது. பழைய இலக்கண உரை நூல் ஒன்றைக் கேட்டு ஒரு தமிழாசிரியர் எட்டு ஆண்டுகள் என் கடைக்கு வந்தார். 'பதிப்பில் இல்லை ஐயா' என்பதே என் பதில். இப்போது அது 30 பிரதி, 40 பிரதியாக மறுபடி மறுபடி அச்சாகிறது. ஆனால் குறைவாக அடிக்கும்போது ஒரு பிரதியின் செலவு கூடும். பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கையும் தாண்டி விலை போவதற்கு இதுவும் ஒரு காரணம். கடைக்காரனுக்குக் கழிவு கொடுத்தால் கட்டாது என்று பதிப்பாளரே வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்புகிறார். பல நல்ல நூல்கள் என் கடைக்கு வருவதே இல்லை.

கிண்டில் கருவி 2007இல் வந்தது. அதில் தமிழ் நூல்களின் விற்பனை 2016 இறுதியில் முறையாகத் தொடங்கியது. அச்சு நூலுக்கு எழுத்தாளர் பெறும் உரிமைத்தொகை வழக்கமாக 10 சதவீதம். அங்கே சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 70 சதவீதம் வரை கிடைக்கும். பதிப்பாளர் கதவைத் தட்ட வேண்டியதில்லை. அதே நேரம், பிழை திருத்தவும் 'இது இன்னும் தேறவில்லை' என்று சொல்லவும் நடுவில் ஆளும் இல்லை. தேர்ந்தெடுக்கும் வேலை முழுவதும் வாசகர் தலையில் விழுகிறது.

வாசகருக்குக் கிடைத்த வரவு பெரிது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிவோம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காத்துவருகிறது. பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருங்குறியில் அமைந்த மின்னூலின் எழுத்தைப் பெரிதாக்கலாம். கைப்பேசியையே வாசிக்கச் சொல்லியும் கேட்கலாம். பக்கத்தைப் படம் பிடித்து உருவாக்கிய பிடிஎஃப் இதற்கு உதவாது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2009இல் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்தே அழித்தது. உரிமை இல்லாத ஒருவர் அதை விற்பனைக்கு வைத்திருந்ததுதான் காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் என்னிடம் நூல் வாங்கியவர் வீட்டுக்குள் புகுந்து அதை நான் எடுத்துவர முடியுமா? மின்னூலில் நாம் வாங்குவது பெரும்பாலும் படிக்கும் அனுமதியைத்தான். பள்ளி நூலகத்துக்கு வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இப்போது என் மனத்தை உறுத்தும் ஒரு நிகழ்ச்சி. நண்பர் ஒருவர் சிறுவர் நூல் ஒன்றை 300 பிரதி அச்சிட்டார். என் கடையில் மட்டும் 60 போயிற்று. திடீரென விற்பனை நின்றது. விசாரித்தால், அந்த நூலின் பிடிஎஃப் ஆசிரியர் குழு ஒன்றில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அனுப்பியவர் என்னிடம் நெடுங்காலமாக நூல் வாங்கும் ஆசிரியை. நேரில் வந்து, "நல்ல புத்தகம், எல்லாப் பிள்ளைங்களுக்கும் போகட்டும்னுதான் அனுப்பினேன் அண்ணே" என்றார். கண் கலங்கியிருந்தது. அவரை நான் என்ன சொல்வது? அந்த நூலை அவரைவிட நேசித்தவர் யாருமில்லை. ஆனால் நண்பர் அடுத்த நூலுக்கான படங்களை வரையக் கொடுத்திருந்ததை நிறுத்திவிட்டார்.

"டீச்சர், பிடிஎஃப்பை நீக்கிவிட்டு அட்டைப்படத்தைப் போடுங்கள். ஏன் பிடித்தது என்று நாலு வரி எழுதுங்கள். பதிப்பாளர் எண்ணையும் கொடுங்கள்" என்றேன். அப்படியே செய்தார். ஒரே வாரத்தில் 43 பேர் பணம் அனுப்பி வாங்கினார்கள். என் கடைக்கு அதில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஆனால் அடுத்த நூலின் படவேலை மறுபடி தொடங்கிவிட்டது.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, இலவசமாகப் பகிரத் தக்கதையும் தகாததையும் பிரித்தறியுங்கள். எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1949இல் பாரதியின் படைப்புகளை ஏற்றது தொடங்கி நம் அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பல உள்ளன. அவற்றைத் தாராளமாகப் பகிரலாம். வகுப்பில் பாடம் நடத்தப் பயன்படுத்தவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் புதிய நூல் ஒன்றை முழுவதுமாகக் குழுவில் போடுவது வேறு.

இரண்டு, மின்னூலையும் அச்சு நூலையும் சண்டைக்கு விடாதீர்கள். தேடவும், எழுத்தைப் பெரிதாக்கவும், கிடைக்காததைப் படிக்கவும் மின்னூல். கையில் எடுத்துப் புரட்டவும், வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம்பிக்குக் காட்டவும் அச்சு நூல்.

மூன்றாவதுதான் முக்கியம். என் கடைக்கு வரும் பிள்ளை ஒன்றைத் தேடி வந்து, பக்கத்தில் இருக்கும் வேறொன்றை எடுத்துப் புரட்டும். அப்படித்தான் பல வாசகர்கள் உருவானார்கள். கைப்பேசித் திரையில் பெயர் தெரிந்த நூல்தான் எளிதில் கிடைக்கிறது. பெயர் தெரியாத நூலை அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை இத்தனை நாள் நான் செய்தேன். கடைகள் குறைந்துவரும் இந்நாளில் அதை உங்களிடம் ஒப்படைக்கிறேன். வாரத்துக்கு ஒரு நூலை வகுப்பில் காட்டுங்கள். ஐந்து நிமிடம் போதும்.