மறைந்து நிற்கும் மருந்துமரம்

(மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



திருக்குறளில் ஒப்புரவறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. பெருந்தகையாளனிடம் உள்ள செல்வத்தை அங்கே வள்ளுவர் மருந்துமரத்துக்கு ஒப்பிடுகிறார். உறுப்பெல்லாம் மருந்தாகிப் பிறர் பிணி தீர்க்கும் மரம் அது. அம்மரம் தப்பாத மரமாகவும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. தப்புதல் என்பது யாது? பல இடங்களில் வடநூற் சார்பு உடையவரேனும், பரிமேலழகர் இவ்விடத்தில் நுட்பமாகவே உரை கண்டுள்ளார். மருந்துமரம் மூவகையால் பயன்படாது போகும். கொள்ளுதற்கு அரிய இடத்தில் நிற்பது ஒன்று. மறைந்து நிற்பது மற்றொன்று. காலத்தால் வேறுபட்டுப் போவது மூன்றாவது.

உறுப்புக் கொடை பற்றித் தமிழ்மக்கள் இன்று எண்ணிப் பார்க்க வேண்டுவதெல்லாம் இம்மூன்றனுள் அடங்கும். 'உறுப்பு தானம்' என்று எழுதுவோரும் பேசுவோரும் உளர். கொடை, ஈகை, ஒப்புரவு என மூன்று சொற்களை உடைய மொழிக்குக் கடன்சொல் எதற்கு? கொடை என்றே சொல்லுவோம்.

உறுப்பெல்லாம் மருந்தாதல் வள்ளுவர் நாளில் மரத்துக்கே இயன்றது. இன்று மாந்தனுக்கும் இயலும். 1954ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுப் பாசுடன் நகரில், இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகம் மற்றவர்க்குப் பொருத்தப்பெற்று வெற்றி கண்டது. 1967இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் நெஞ்சாங்குலையே, அஃதாவது இதயமே, ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு மாற்றப்பெற்றது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1971இல் சிறுநீரக மாற்று அறுவையில் வெற்றி பெற்றது. மூளைச்சாவு எய்திய ஒருவரிடமிருந்து நெஞ்சாங்குலை, நுரையீரல் இரண்டு, சிறுநீரகம் இரண்டு, கல்லீரல், கணையம், சிறுகுடல் என எட்டு உறுப்புகள் பெறலாம். விழிப்படலமும் தோலும் எலும்பும் இவற்றின் வேறாம். அன்புடையார் தம் எலும்பையும் பிறர்க்கு உரியதாகக் கொள்வர் என்று வள்ளுவர் கூறியது இன்று நடைமுறையாகவே வந்துவிட்டது.

இனி, மருந்துமரம் தப்பும் வழிகளைக் காண்போம்.

முதலாவது, கொள்ளுதற்கரிய இடத்தில் நிற்றல். தமிழ்மக்களின் உடல் அச்சம் என்னும் செங்குத்துப் பாறைமேல் நிற்கிறது. கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாய்ப் பிறக்க நேரும் என்பது ஓர் அச்சம். தன் கண்ணைத் தானே அகழ்ந்து அப்பிய கண்ணப்பனைக் கோயிலில் நிறுத்தி வணங்கும் ஊரில் இவ்வச்சம் எங்கிருந்து வந்தது? கல்லுக்குக் கண் கொடுத்தவன் துறக்கம் புகுவான். கண்ணில்லாத மாந்தனுக்குக் கொடுத்தவன் குருடாவானோ? அக்கதையை நம்புவோரும் மறுப்போரும் இவ்வினாவுக்கு விடை காணட்டும்.

உறுப்புக்காக உயிர் இருக்கும்போதே மருத்துவர் கைவிட்டுவிடுவர் என்பது மற்றோர் அச்சம். இதற்கு 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் தெளிவாக வேலியிட்டுள்ளது. மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் ஆய்ந்து சான்றளித்தல் வேண்டும். ஆறு மணிநேரமேனும் இடைவெளி விட்டு இருமுறை ஆய்தல் வேண்டும். மாற்று அறுவை செய்யும் குழுவினர் அந்நால்வருள் இருத்தல் கூடாது. ஆழ்மயக்கம் வேறு; மூளைச்சாவு வேறு. மயக்கத்தில் உள்ளவர் மீளக்கூடும். மூளைத்தண்டு செத்தவர் மீளார்; அவர்தம் மூச்சு பொறியின் மூச்சே. உறுப்பு எடுத்தபின் உடலைத் தைத்துச் சீர்செய்து உறவினரிடம் ஒப்படைப்பர். இறுதிக் கடன்களுக்கு யாதொரு தடையும் இல்லை.

இரண்டாவது, மறைந்து நிற்றல். மூன்றனுள்ளும் கொடியது இதுவே. கொடுக்கும் உள்ளம் பலர்க்கு உண்டு. அவ்வுள்ளம் பிறர்க்குத் தெரிவதில்லை. உறுதிமொழிக்கு ஏழாம் எண் படிவம் உள்ளது. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் வழியாகவோ, நடுவண் அரசின் இணையத்தளத்தில் ஆதார் எண்ணைக் கொண்டோ பதியலாம். செலவு இல்லை. மனம் மாறினால் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. எனினும் பதிவு மட்டுமே போதாது. அந்த நாள் வரும்போது, மனைவியிடமோ கணவனிடமோ பெற்றோரிடமோ மக்களிடமோ மருத்துவமனை இசைவு கேட்கும். அவர்கள் மறுத்தால் படிவம் வெறுந்தாளே.

அவ்விரவை எண்ணிப் பாருங்கள். மகன் சாலை நேர்ச்சியில் அடிபட்டுக் கிடக்கிறான். பொறியின் துணையால் நெஞ்சு ஏறி இறங்குகிறது. உடல் சூடாக இருக்கிறது. வெள்ளையுடை உடுத்த ஒருவர் வந்து, 'பிரெயின் டெத்' என்றும் 'ஆர்கன் டொனேசன்' என்றும் ஆங்கிலத்தில் சொல்லிக் கையொப்பம் கேட்கிறார். எழுத்தறியாத தாய்க்கு என்ன விளங்கும்? கண்ணெதிரே மூச்சு விடும் பிள்ளையை அறுக்கக் கேட்கிறார்கள் என்பதே விளங்கும். அவள் மறுப்பதில் வியப்பென்ன? தாய்மொழி வேண்டும் என்பது மேடைக் கிளர்ச்சிக்காக மட்டும் கேட்கும் கேள்வியன்று. அவ்விரவில் அது எட்டு உயிர்களின் கேள்வி. மருத்துவம் தமிழில் பேச வேண்டும். அதற்கும் முன்னே, மகன் தமிழில் பேசியிருக்க வேண்டும். "அம்மா, எனக்கு ஏதேனும் நேர்ந்தால் என் உறுப்புகளைக் கொடுத்துவிடு" என்று அவன் ஒருநாள் சோறுண்ணும்போது சொல்லியிருந்தால், அத்தாய் திகைத்து நிற்கமாட்டாள். அழுதுகொண்டே மகன் சொற் காப்பாள்.

மூன்றாவது, காலத்தால் வேறுபடுதல். விழிப்படலத்தை இறந்த ஆறு மணிநேரத்துக்குள் எடுத்தல் வேண்டும். எடுத்த நெஞ்சாங்குலையை ஏறத்தாழ நான்கு மணிநேரத்துக்குள் பொருத்துதல் வேண்டும். 2008ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், நேர்ச்சியில் மூளைச்சாவு எய்திய இளைஞன் ஒருவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் கொடுக்க இசைந்தனர். சென்னைக் காவலர் சாலையை ஒழுங்குசெய்து வழிவிட, அவன் நெஞ்சாங்குலை ஒரு சிறுமியின் மார்பில் துடித்தது. தமிழ்நாட்டில் இக்கொடை ஊரறிந்த செயலாய்ப் பரவ அதுவே தூண்டுகோல். பெற்றோர் காலத்தே இசைந்ததால் அன்றோ அது கைகூடியது?

மருந்துமரம் மறைந்து நின்றால் அவ்விடத்துக்குத் தரகன் வருவான். 2025ஆம் ஆண்டு நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிப்பாளையம் பகுதியில், கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளரின் சிறுநீரகங்கள் தரகர்வழி விலைபோயின என்னும் செய்தி நாட்டையே நடுங்க வைத்தது; அரசு உசாவல் நடத்த நேர்ந்தது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் தரகு செய்வதும் குற்றம். ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறையும், இருபது இலக்கம் முதல் ஒருகோடி உருபா வரை தண்டமும் சட்டத்தில் உண்டு. ஆயினும் சட்டம் மட்டும் தரகனை ஒழிக்காது. இறந்தவர் உடலோடு ஒரு சிறுநீரகம் வீணே எரியுந்தோறும், உயிரோடுள்ள ஏழையின் விலாவைத் தரகன் தேடுகிறான். நெய்வோர் உடலை அறுத்துச் செல்வர் உடலைத் தைக்கும் இக்கொடுமைக்குக் கொடையே பெருமருந்து.

கொடையில் சாதி இல்லை. குருதிவகைப் பொருத்தமும் நோயின் கடுமையும் பதிவு வரிசையுமே பார்க்கப்படும். ஒரு சேரிமகனின் கல்லீரல் மாளிகையில் வாழும். ஒரு மாளிகைமகனின் விழிப்படலம் குடிசையில் ஒளி காணும். பிறப்பொக்கும் என்னும் கொள்கைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

முன்னாளில் ஊர்காத்து விழுந்தவனுக்குத் தமிழர் நடுகல் எடுத்தனர். உறுப்புக் கொடையாளரின் இறுதி நிகழ்வு அரசு மதிப்புடன் நடைபெறும் என 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. அஃது அவ்வழக்கின் தொடர்ச்சியே.

தோழர்களே! செய்ய வேண்டியவை இரண்டே. இவ்வாரத்துக்குள் பெயரைப் பதிவு செய்யுங்கள். இன்றிரவு இல்லம் சென்றதும், உண்ணும் இலைக்கு முன் அமர்ந்து, உங்கள் விருப்பத்தை வீட்டாரிடம் தெளிந்த தமிழில் சொல்லுங்கள். அவர்தம் விருப்பத்தையும் கேளுங்கள். மரம் மருந்தாய் இருந்தால் மட்டும் போதாது. அது நிற்கும் இடம் ஊருக்குத் தெரிதல் வேண்டும்.