கணினிக் கொத்தும் பெயரேடும்

'சர்வர்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குச் சிற்றுண்டிச் சாலையும், மேசையருகே வந்து நின்று "என்ன வேண்டும்?" என்று வினவும் பணியாளரும் நினைவுக்கு வருவது இயல்பே. கணினி உலகத்துச் சர்வரும் ஏறக்குறைய அதே பணியைத்தான் செய்கிறது. ஓர் அலுவலகத்தில் நூறு பேர் தத்தம் மேசைக் கணினிகளின் முன் அமர்ந்து கோப்புகளையும் கணக்குகளையும் கேட்க, அவற்றை ஓரிடத்தில் வைத்துப் பாதுகாத்து, வேண்டுவோர்க்கு வேண்டுவதை எடுத்து வழங்கும் பொறியே சர்வர். அப்பொறியை நடத்திச் செல்லும் அடிப்படை நிரல் தொகுதியைச் சர்வர் இயங்குதளம் என்பர்.

இத்தகைய இயங்குதளத்தினிடம் நாம் எதிர்பார்ப்பவை பல. அவற்றுள் இரண்டை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். ஒன்று, பொறி பழுதுற்றாலும் பணி நிற்கலாகாது. மற்றொன்று, கேட்பவர் யார், அவருக்கு எதைக் கொடுக்கலாம் என்பதைச் சர்வர் அறிந்திருத்தல் வேண்டும். முன்னதற்காக ஏற்பட்டது 'கிளஸ்டர்' எனப்படும் கணினிக் கொத்து. பின்னதற்காக ஏற்பட்டது 'டைரக்டரி' எனப்படும் பெயரேடு. இரண்டும் ஒரே இயங்குதளத்தில் அருகருகே அமைந்தவை. ஆயினும், கணினிகளுக்கு இடையிலுள்ள இணைப்பு அறுந்துபோனால் என் செய்வது என்னும் ஒரே கேள்விக்கு இவ்விரண்டும் நேர்மாறான விடைகளைத் தருகின்றன. அவ்விரு விடைகளின் நியாயத்தையும் ஆராய்வதே நம் நோக்கம்.

நமக்கு நன்கு பழக்கமான ஒன்றிலிருந்து தொடங்குவோம். நம் நாட்டு ரயில்வேயில் கணினிவழி முன்பதிவு 1985-ஆம் ஆண்டு தில்லியில் தொடங்கிற்று. பின்னர், தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-இல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அம்முன்பதிவு நிரல் வி.எம்.எஸ். என்னும் சர்வர் இயங்குதளத்தின்மேல் அமைக்கப்பட்டது. அங்கே முதலாவது விதி என்ன? ஒரு படுக்கையை இருவருக்கு விற்றல் ஆகாது என்பதே. சாளரம் அரைமணி நேரம் மூடியிருந்தால் வரிசையில் நிற்போர் முணுமுணுப்பர், அவ்வளவே. ஆனால் ஒரே படுக்கைக்கு இரண்டு சீட்டுகள் வழங்கப்பட்டுவிட்டால், நள்ளிரவில் இரண்டு குடும்பங்கள் பெட்டிக்குள் நின்று வாதிட நேரும். அப்போது இரண்டு சீட்டுகளுமே உண்மையானவை, இரண்டுமே பயனற்றவை.

அந்த வி.எம்.எஸ். இயங்குதளத்தை ஆக்கிய அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனமே, 1983-இல் வாக்ஸ் கணினிகளைக் கொத்தாக இணைக்கும் முறையை அறிவித்தது. நொடிக்கு ஏழு கோடி துணுக்குச் செய்திகளைக் கடத்தவல்ல தனி வடத்தின் வழியே பதினாறு உறுப்புகள் வரை ஒன்றாக இணைந்து, பொதுவான வட்டுகளைப் பகிர்ந்துகொண்டன. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1997-இல், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் என்.டி. சர்வரில் இரண்டு கணினிகளைக் கொத்தாக்கும் வசதியைச் சேர்த்தது. 2000-ஆம் ஆண்டில் அது நான்காயிற்று; 2003-இல் எட்டு; 2012-இல் அறுபத்து நான்கு. பெரும் செல்வம் படைத்த நிறுவனங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த ஒன்று, இவ்வாறு சாதாரண அலுவலகங்களையும் வந்தடைந்தது.

கொத்து இயங்கும் விதம் எளிதாகவே தோன்றும். இரண்டு கணினிகள், இரண்டுக்கும் பொதுவாக ஒரு வட்டு. ஒன்று வேலை செய்கிறது, மற்றொன்று விழித்திருக்கிறது. இரண்டும் நொடிக்கொரு முறையளவில் ஒன்றுக்கொன்று சிறு செய்தி அனுப்பிக்கொள்கின்றன. இதனை 'நாடித் துடிப்பு' என்றே அத்துறையினர் அழைக்கின்றனர். துடிப்பு தொடர்ந்து பலமுறை வராதுபோனால், விழித்திருக்கும் கணினி பொதுவட்டைக் கைக்கொண்டு, வீழ்ந்த கணினியின் பெயரையும் வலையமைப்பு முகவரியையும் தானே ஏற்று, பணியைத் தொடர்கிறது. கேட்பவர் பழைய பெயரையே அழைக்கிறார். புதிய பொறி விடையளிக்கிறது. சிறிது நேரத் தடங்கலைத் தவிர வேறெதையும் அவர் அறிவதில்லை.

இங்கேதான் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. துடிப்புக் கேட்கவில்லை என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. அடுத்த கணினி இறந்திருக்கலாம். அல்லது அது நலமாயிருக்க, இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்திருக்கலாம். வெளியிலிருந்து நோக்கும்போது இவ்விரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. கம்பி அறுந்ததாயின், இரண்டு கணினிகளும் ஒரே சமயத்தில் "அவன் போய்விட்டான், இனி நானே தலைவன்" என்று முடிவு செய்யக்கூடும். இரண்டும் ஒரே வட்டில் எழுதத் தொடங்கினால் கணக்கேடு சிதைந்துபோகும். இரண்டும் தனித்தனி ஏட்டில் எழுதினாலோ, முன்னர்ச் சொன்ன இரட்டைச் சீட்டு நிலைதான்.

இதற்குக் கண்ட மாற்று, சபை நடைமுறையிலிருந்து கடன் வாங்கியது. கூட்டம் செல்லுபடியாவதற்குக் குறைந்தது இத்தனை உறுப்பினர் இருக்கவேண்டும் என்பதைக் 'கோரம்' என்கிறோம். நம் அரசியலமைப்புச் சட்டத்தின்படி நாடாளுமன்ற அவைக்கு மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கினர் இருந்தால் போதும். கணினிக் கொத்துக்கோ அது போதாது. பாதிக்கு மேற்பட்டோர் வேண்டும். காரணம் தெளிவானது. நாடாளுமன்ற அவை கூடுவது ஒரே மண்டபத்தில். கம்பி அறுந்த கொத்தோ, இரண்டு மண்டபங்களில் கூடி, "நாங்களே அவை" என்று தனித்தனியே எண்ணும் கூட்டத்தை ஒத்தது. பாதிக்கு மேற்பட்டோர் என்ற விதி இருந்தால், இரண்டு மண்டபங்களிலும் ஒரே சமயத்தில் அது நிறைவேற முடியாது. ஐந்து கணினிகள் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்தால், மூன்று தொடரும்; இரண்டு நின்றுவிடும். இரண்டே கணினிகள் உள்ள கொத்தில் பொதுவட்டுக்கும் ஒரு வாக்கு அளிக்கப்படுகிறது. அதைக் கைப்பற்றிய பக்கமே பணியாற்றும்.

சிறுபான்மைப் பக்கத்திலுள்ள கணினிகளில் பழுது ஒன்றும் இல்லை, மின்சாரம் இருக்கிறது, வேலை செய்யும் ஆற்றலும் இருக்கிறது. எனினும் அவை தாமே பணியை நிறுத்திக்கொள்கின்றன. பொய்யான விடை தருவதைவிட விடையே தராமலிருத்தல் நன்று என்பது கொத்தின் அறம்.

இனிப் பெயரேட்டுக்கு வருவோம். தொலைபேசி டைரக்டரியை நாம் அறிவோம். சர்வரின் டைரக்டரி அதனினும் விரிவானது. நிறுவனத்தில் பணிபுரிவோர் பெயர், அவர்தம் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் குறிப்பு, அவர் சேர்ந்த குழுக்கள், அச்சுப்பொறிகள், கணினிகள் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இதற்கான பன்னாட்டு நெறி எக்ஸ்.500 என்னும் பெயரில் 1988-இல் வெளியாயிற்று. அது மிகப் பளுவானதாயிருந்தமையால், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எல்டாப் எனப்படும் எளிய வழிமுறை உருவாகி 1993-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் 4 இயங்குதளம் தனக்கென ஒரு பெயரேட்டுடன் வந்தது. மைக்ரோசாஃப்டின் 'ஆக்டிவ் டைரக்டரி' 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்டோஸ் 2000 சர்வருடன் வெளியாயிற்று.

அதற்கு முந்திய என்.டி. சர்வரில் பெயரேட்டின் மூலப்படி ஒரே கணினியில் இருந்தது. மற்றவற்றில் இருந்தவை வெறும் நகல்கள். மூலக் கணினி எட்டாவிட்டால், தொலைவிலுள்ள கிளையில் புதிதாகச் சேர்ந்தவரின் பெயரைக்கூடப் பதிய இயலாது. ஆக்டிவ் டைரக்டரியில் இந்நிலை மாறிற்று. பெயரேட்டை வைத்திருக்கும் எந்தக் கணினியிலும் எழுதலாம். எழுதியது மெல்ல மெல்ல மற்றவற்றுக்குச் சென்று சேரும். இணைப்பு அறுந்தாலும் கிளையில் காலையில் வந்தமர்வோர் தம் பெயரைச் சொல்லி வேலையைத் தொடங்கலாம். கொத்துச் சொன்ன விடைக்கு இது முற்றிலும் மாறானதன்றோ?

இரண்டு இடங்களில் ஒரே பதிவை இருவேறு விதமாக மாற்றினால் எதை ஏற்பது? இதற்கும் விதி உண்டு. அதிக முறை திருத்தப்பட்டது வெல்லும். அது சமமாயின் பிற்பட்ட நேரத்தது வெல்லும். அதுவும் சமமாயின் கணினியின் அடையாள எண் தீர்ப்புச் சொல்லும். தோற்ற திருத்தம் ஓசையின்றி மறையும். இதனால் விளைந்த குறை ஒன்றையும் சொல்லவேண்டும். விண்டோஸ் 2000-இல் ஒரு குழுவின் உறுப்பினர் பட்டியல் முழுவதும் ஒரே பதிவாகக் கருதப்பட்டது. சென்னையிலிருப்பவர் ஒருவரையும், தில்லியிலிருப்பவர் மற்றொருவரையும் ஒரே வேளையில் அக்குழுவில் சேர்த்தால், இருவருள் ஒருவர் பட்டியலிலிருந்து காணாமற் போவார். 2003-ஆம் ஆண்டு வந்த சர்வரில் ஒவ்வோர் உறுப்பினரையும் தனித்தனியே கடத்தும் முறை ஏற்பட்ட பின்னரே இக்குறை நீங்கியது.

இதனினும் கருத்தூன்றத்தக்கது வேறொன்று. பணியிலிருந்து நீக்கப்பட்ட ஒருவரின் கணக்கைத் தலைமை அலுவலகத்தில் முடக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேறோர் ஊரிலுள்ள கிளைக்குப் பெயரேட்டின் மாற்றங்கள் செல்வதற்கு, நாமாக மாற்றியமைக்காத வரையில், நூற்றெண்பது நிமிடங்களுக்கு ஒருமுறை என்பதே ஏற்பாடு. அந்த மூன்று மணி நேரமும் கிளையின் ஏடு அவரை ஊழியர் என்றே நம்பக்கூடும். மேலும், ஒருமுறை அடையாளம் காட்டியவருக்கு வழங்கப்படும் கெர்பரோஸ் அனுமதிச் சீட்டு இயல்பாகப் பத்து மணி நேரம் செல்லும். ஆக, பெயரேடு எப்போதும் விடையளிக்கிறது. ஆனால் அவ்விடை சிறிது பழையதாயிருக்கலாம். இதனை அறியாத நிர்வாகி "முடக்கிவிட்டோம்" என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுவார். அறிந்தவர் கிளையின் ஏட்டிலும் அம்மாற்றத்தைச் செய்துவிட்டே எழுந்திருப்பார்.

அப்படியானால் இரண்டில் எது சரி? இரண்டையும் ஒருங்கே பெறுதல் ஆகாதா? 2000-ஆம் ஆண்டில் எரிக் புரூவர் என்னும் அமெரிக்க அறிஞர் இக்கேள்வியை எழுப்பினார். வலையமைப்பு பிளவுபடும் வேளையில், எங்கும் ஒரே உண்மை என்பதையும், எவர்க்கும் எப்போதும் விடை என்பதையும் ஒருசேரக் காத்தல் இயலாது என்பது அவர் கருத்து. சேத் கில்பர்ட், நான்சி லிஞ்ச் ஆகிய இருவரும் 2002-இல் இதனைக் கணித முறையில் நிறுவினர். எனவே இது பொறியாளரின் திறமைக் குறைவன்று, இயற்கையின் வரம்பு. கம்பி அறுந்த வேளையில் எதை இழக்கலாம் என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை மட்டுமே நமக்கு உண்டு.

ஆயினும் அறிவுடையோர் கண்ட நடுவழி ஒன்றுண்டு. பெயரேட்டில் சேரும் ஒவ்வொருவருக்கும் வேறெவர்க்கும் இல்லாத ஓர் எண் தரப்படவேண்டும். ஒரே எண்ணை இரண்டு கிளைகள் இருவருக்குத் தந்துவிட்டால் ஒருவரின் உரிமை மற்றவரைச் சேரும். இதற்காக ஆக்டிவ் டைரக்டரி, எண் வழங்கும் அதிகாரத்தை ஒரே கணினியிடம் வைத்து, அது ஒவ்வொரு கணினிக்கும் ஐந்நூறு எண்களை முன்கூட்டியே பங்கிட்டுத் தருமாறு அமைத்தது. இணைப்பு அறுந்தாலும் கிளை தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும்; மோதல் நேராது.

இது நமக்குப் புதிய தந்திரமா? ஒவ்வொரு நிலையத்துக்கும் இத்தனை படுக்கை என்று ரயில்வே ஒதுக்கிவந்த 'கோட்டா' இதுவேயன்றோ! அந்த நிலைய அதிகாரி எவரையும் கேளாமல் தம் பங்கை விற்கலாம். இரட்டைச் சீட்டு எழாது. ஆனால் ஒரு நிலையத்தில் படுக்கை காலியாயிருக்க, மற்றொரு நிலையத்தில் மக்கள் காத்திருப்புப் பட்டியலில் நிற்பர். எண்கள் வீணானால் கேடில்லை, அவை கோடிக்கணக்கில் உள்ளன. படுக்கை வீணானால் ஒருவர் ஊர் போய்ச் சேரமாட்டார். ஒரே வழி ஓரிடத்தில் இலவசமாகவும், மற்றோரிடத்தில் விலையுடனும் கிடைக்கிறது.

ஆகவே சர்வர் வாங்கப் புகும் அலுவலகத்தாரும், மருத்துவமனையாரும், வங்கியாரும், எந்த நிறுவனத்துச் சரக்கு உயர்ந்தது என்று கேட்பதற்கு முன், தம்மைத்தாமே ஒன்று கேட்டுக்கொள்ளுதல் நலம். நம்மிடமுள்ள ஒவ்வோர் ஏட்டுக்கும், பழைய விடை கேடா, விடையின்மை கேடா என்பதே அக்கேள்வி. பணக் கணக்குக்கு ஒரு விடை. ஊழியர் பெயர்ப் பட்டியலுக்கு ஒரு விடை. நோயாளியின் ஒவ்வாமைக் குறிப்புக்கு வேறொரு விடை. பொறி இரண்டையும் செய்யக் காத்திருக்கிறது. எந்த இடத்தில் மௌனம் தகும், எந்த இடத்தில் தாமதம் தகும் என்பதை அதற்குச் சொல்லவேண்டியவர் நாமே. அதனைக் கம்பி அறுவதற்கு முன்பே சொல்லிவைத்தல் வேண்டும்.